கென்யாவில் தொழில் தொடங்குகிறீர்களா? வாட், ஈடிம்ஸ், துறைமுக வரிகள்: ஒரு நடைமுறை வழிகாட்டி

நைரோபியில் கம்பெனி பதிவு செய்வது இப்போது பெரிய வேலையில்லை. அரசின் ஈசிட்டிசன் இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவும் வரி எண்ணும் சேர்ந்தே வந்துவிடும். தலைவலி அதற்கு அடுத்த மாதம் ஆரம்பிக்கும். வருமான வரி லாபம் வந்தால்தான். விற்பனை, கொள்முதல், இறக்குமதி, கடை வாடகைப் பத்திரம் ஆகியவற்றின் மேல் விழும் வரிகளோ லாப நஷ்டம் பார்ப்பதில்லை. கடை காற்று வாங்கினாலும் அந்தந்தத் தேதிக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

கையில் ஓரளவு முதல் வைத்துக்கொண்டு, சரக்கு இறக்கி நைரோபியிலோ மொம்பாசாவிலோ விற்க நினைக்கும் ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விகிதங்கள் எல்லாம் 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வந்த பிறகான நிலவரம். புதிதாக வருகிறவர்கள் விகிதத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆனால் பணம் கசிவது பெரும்பாலும் பில்லில்தான், அதுவும் நீங்கள் வாங்கும் பில்லில். அதனால் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் வேலை: பின் நம்பரும் அதனுடன் வரும் கடமைகளும்

வரி வசூலிப்பது கென்யா ரெவென்யூ அத்தாரிட்டி. எல்லோரும் கேஆர்ஏ என்றுதான் சொல்வார்கள். 1995-ல் தொடங்கிய அமைப்பு. அது தரும் வரி எண்ணுக்குப் 'பின்' என்று பெயர். தனிநபருடையது A என்ற எழுத்திலும் கம்பெனியுடையது P என்ற எழுத்திலும் தொடங்கும். கம்பெனிக்கு மட்டும் இருந்தால் போதாது, இயக்குநர்களுக்கும் தனித்தனியே வேண்டும். இயக்குநர் வெளிநாட்டுக்காரர் என்றாலும் விடமாட்டார்கள்.

பின் கிடைத்ததும் கேஆர்ஏ-வின் ஐடாக்ஸ் தளத்துக்குள் போய் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, எந்தெந்த வரிக் கடமைகள் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்பது. பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாட் (மதிப்புக் கூட்டு வரி), சம்பள வரி எல்லாவற்றையும் சேர்த்துவிட்டிருப்பார். ஒரு கடமை சேர்ந்துவிட்டால், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் பூஜ்ய ரிட்டர்ன் போட்டாக வேண்டும். வாட் ரிட்டர்ன் தாமதமானால் 10,000 ஷில்லிங் அல்லது கட்ட வேண்டிய வரியில் 5%, எது அதிகமோ அது அபராதம். கடை திறப்பதற்கு முன்பே பல மாத அபராதம் சேர்ந்துவிட்ட கம்பெனிகள் உண்டு.

இரண்டாவது, பதிவிலிருக்கும் மின்னஞ்சல் முகவரி. அங்கே ஏஜென்டுடைய முகவரி இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கேஆர்ஏ-வின் நோட்டீஸ் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும். பதில் தருவதற்கான கெடுவும் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.

வாட்டில் பதிவு செய்ய வேண்டுமா?

வரிக்கு உட்பட்ட விற்பனை 12 மாதத்தில் 50 லட்சம் ஷில்லிங்கைத் தொட்டால் பதிவு கட்டாயம். அதற்குக் கீழே இருப்பவர் விருப்பத்தின் பேரில் பதிவு செய்துகொள்ளலாம். நீங்கள் இறக்குமதி செய்து கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விற்பவர் என்றால் முதலிலேயே பதிவு செய்துகொள்வதுதான் நல்லது என்பது என் எண்ணம். துறைமுகத்தில் கட்டிய வாட்டைத் திரும்ப எடுக்க அதுதான் வழி. உங்களிடம் வாங்கும் கம்பெனிகளும் வாட் பில்லைத்தான் எதிர்பார்க்கும். தெருமுனையில் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்கும் சிறு கடைக்கு அவசரமில்லை.

இதன் பக்கத்திலேயே டர்ன்ஓவர் டாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆண்டு விற்பனை 10 லட்சத்துக்கு மேல் 2.5 கோடி ஷில்லிங் வரை இருப்பவர்களுக்கு மொத்த விற்பனையில் 3%. இது வாட்டுக்கு மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இது வருமான வரிக்கு மாற்று. 50 லட்சத்தைத் தாண்டினால் இதோடு வாட்டும் சேரும். செலவைக் கழிக்க விடமாட்டார்கள் என்பதால் 5% லாபத்தில் ஓடும் மொத்த வியாபாரத்துக்கு இந்த 3% மிகக் கனம். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து வழக்கமான வருமான வரிக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கு ஒழுங்கான கணக்குப் புத்தகம் வேண்டும்.

16, பூஜ்யம், விலக்கு

பொது விகிதம் 16%. விற்பனை வரியை எடுத்துவிட்டு 1990-ல் வாட் கொண்டுவந்தார்கள். இப்போதைய சட்டம் 2013-ல் வந்தது. கொரோனா ஆண்டில் சில மாதம் 14% ஆகக் குறைத்து, 2021 ஜனவரி 1 முதல் மறுபடி 16% ஆக்கினார்கள். பெட்ரோல், டீசலுக்கு 8% என்றிருந்த சலுகையும் 2023 ஜூலையில் போய்விட்டது. ஜிஎஸ்டி கணக்குப் போட்டுப் பழகியவருக்கு இந்தப் பகுதி நிம்மதி. மாநிலப் பங்கு, மத்தியப் பங்கு என்ற பிரிவே கிடையாது. வாட், சுங்கம், கலால் மூன்றும் மைய அரசுக்குத்தான். கவுண்டி அரசுகள் சொத்து வரியும் தொழில் உரிமக் கட்டணமும் வாங்கிக்கொள்ளும்.

ஏற்றுமதி, சாதாரண ரொட்டி, மக்காச்சோள மாவு, கோதுமை மாவு போன்றவை பூஜ்ய விகிதத்தில் வருகின்றன. பதப்படுத்தாத விளைபொருள், வீட்டு வாடகை, கல்வி, மருத்துவ சேவை போன்றவை விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. வாங்குகிறவர் இரண்டிலும் வரி கொடுப்பதில்லை. விற்கிறவருக்குத்தான் வித்தியாசம். பூஜ்ய விகிதத்தில் விற்றால், அந்தச் சரக்குக்காக நீங்கள் கொடுத்த வாட்டைத் திரும்பக் கேட்கலாம். விலக்குப் பொருளை விற்றால் கேட்க முடியாது, அது உங்கள் செலவாகிவிடும். ரொட்டி சுடுகிறவர் அடுப்புக்குக் கொடுத்த வாட்டைக் கேட்கலாம். பள்ளிக்கூடம் நடத்துகிறவர் கட்டிய கட்டடத்துக்கான வாட் போனது போனதுதான். இரண்டு வகையும் கலந்து விற்றால் பொதுச் செலவுகளின் வாட்டை விகிதப்படி பிரிக்க வேண்டும்.

கடை வாடகை வீட்டு வாடகை மாதிரி இல்லை, 16% வாட் உண்டு. 'மாதம் 1 லட்சம்' என்று வீட்டுக்காரர் சொன்னால் வாட் சேர்த்தா, சேர்க்காமலா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஈடிம்ஸ்: இங்கே நிதானமாகப் படியுங்கள்

2023-ல் அறிமுகமான மின்னணு பில் முறையின் பெயர் ஈடிம்ஸ். நீங்கள் போடும் ஒவ்வொரு பில்லும் கேஆர்ஏ-வின் கணினிக்குப் போய், ஒரு எண்ணும் க்யூஆர் குறியீடும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். வாட்டில் பதிவு செய்யாதவருக்கும் இது உண்டு. பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் முதலில் இடறுகிறார்கள்.

எந்த வடிவம் உங்களுக்கு ஒத்துவரும்? மாதம் பத்துப் பதினைந்து பில் போடுகிறவருக்கு ஈடிம்ஸ் லைட் போதும். இணையத்திலோ சாதாரண செல்பேசியில் *222# அழுத்தியோ பில் போடலாம். கடையில் ஒரு கணினி இருந்தால் கேஆர்ஏ இலவசமாகத் தரும் மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். நாளெல்லாம் பில் ஓடும் இடமென்றால் உங்கள் பில்லிங் மென்பொருளையே கேஆர்ஏ கணினியுடன் இணைக்க வேண்டும். இணைக்கும் வேலையை அனுமதி பெற்ற மென்பொருள்காரர்கள்தான் செய்யலாம். விலை பேசும்போது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்தே பேசுங்கள்.

நீங்கள் பில் போடுவது சுலபமான பாதி. வாங்கும் பில்தான் கஷ்டம். 2024 ஜனவரி 1 முதல், ஈடிம்ஸ் பில் இல்லாத செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 1,00,000 ஷில்லிங்குக்கு மர அலமாரி செய்து வாங்கினீர்கள், தச்சர் கையால் எழுதிய துண்டுச் சீட்டுக் கொடுத்தார் என்று வையுங்கள். கம்பெனி வருமான வரி 30%. அந்தச் செலவைக் கழிக்க முடியாமல் போனால் கூடுதலாக 30,000 வரி. அலமாரியின் உண்மை விலை 1,30,000 ஆகிவிட்டது. அவரே 1,15,000 கேட்டு ஈடிம்ஸ் பில் தந்திருந்தால் உங்களுக்கு லாபம். விலை பேசும்போது இந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும்.

வாட்டில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. உங்களுக்கு விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டியிருந்தால்தான் நீங்கள் அந்த வாட்டைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் கணினியே உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும். தப்பு அவருடையது, பணம் உங்களுடையது. நியாயமா என்றால் இல்லை. ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. ஆகவே புதிதாக ஒருவரிடம் கொள்முதல் தொடங்கும்போது, முதல் பில்லின் எண்ணை ஐடாக்ஸ் தளத்தில் போட்டு உண்மைதானா என்று சரிபாருங்கள். உங்கள் பின் நம்பர் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் பங்கிலும் ஹார்டுவேர் கடையிலும் பில் அடிப்பதற்கு முன்பே பின்னைச் சொல்லிவிட வேண்டும். அடித்த பிறகு சொன்னால் கவுண்டரில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பார், வேலையும் நடக்காது.

சிறு விவசாயியிடமோ 50 லட்சத்துக்குக் கீழே விற்கும் சிறு வியாபாரியிடமோ வாங்கினால், அவருக்காக நீங்களே ஈடிம்ஸில் பில் போட்டுக்கொள்ளலாம் என்று 2024 டிசம்பரில் வழி செய்திருக்கிறார்கள். காய்கறி, பால், கோழி வாங்கும் ஹோட்டல்காரர்களுக்கு இது பெரிய உதவி. சம்பளம், இறக்குமதிச் சரக்கு, வங்கி வட்டி, விமான டிக்கெட் ஆகியவற்றுக்கு ஈடிம்ஸ் பில் தேவையில்லை.

சரக்கு திரும்பி வந்தால் பழைய பில்லைக் கிழித்துப் போடுகிற பழக்கம் இங்கே செல்லாது. மூல பில்லின் எண்ணைக் குறிப்பிட்டு ஈடிம்ஸ் வழியாகவே கிரெடிட் நோட் போட வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி

போன மாதத்து வாட் ரிட்டர்னும் பணமும் 20-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். ஈடிம்ஸ் விவரங்கள் ரிட்டர்னில் தானாகவே நிரம்பியிருக்கும். அதை அப்படியே நம்பி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட கொள்முதல் பில்லைத் தேடுங்கள். ஒரு பில்லின் வாட்டை எடுக்க 6 மாதம்தான் அவகாசம், அதற்குப் பிறகு போய்விடும். பயணிகள் கார், விருந்துச் செலவு, ஓட்டல் தங்கல் போன்றவற்றின் வாட்டை, அதையே தொழிலாகச் செய்பவர் தவிர மற்றவர் எடுக்க முடியாது. பணம் கட்ட, தளத்திலேயே ஒரு கட்டணச் சீட்டு உருவாக்கி, அதில் வரும் எண்ணை வைத்து வங்கியிலோ, செல்பேசிப் பணச் சேவையான எம்-பெசாவிலோ கட்டலாம். 20-ஆம் தேதி மாலையில் தளம் தவழும். 15-க்குள் முடித்துவிடுகிறவர்களுக்கு இரவில் தூக்கம் வரும். தாமதமானால் வரியில் 5% அபராதமும் மாதம் 1% வட்டியும் சேரும்.

பில் போட்ட மாதத்திலேயே வரி விழுந்துவிடும். வாடிக்கையாளர் 90 நாள் கழித்துப் பணம் தந்தாலும், நீங்கள் அடுத்த மாதம் 20-ஆம் தேதி உங்கள் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளுக்குச் சரக்கு கொடுக்க ஆசைப்படுகிறவர் இதை இரண்டு முறை யோசிக்கட்டும். நாட்டின் மிகப் பெரிய சங்கிலியாக இருந்த நாகுமாட் 2020-ல் மூடப்பட்டபோது அதற்குச் சரக்கு கொடுத்தவர்களின் பாக்கி மலையாக நின்றது. வராக்கடன் மேல் கட்டிய வாட்டைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் பிடித்தம். அரசுத் துறைகளையும் பல பெரிய கம்பெனிகளையும் கேஆர்ஏ வாட் பிடித்தம் செய்யும் ஏஜென்டுகளாக நியமித்திருக்கிறது. அவர்கள் உங்களுக்குப் பணம் தரும்போது சரக்கின் விலையில் 2% பிடித்து நேரே கேஆர்ஏ-வில் கட்டிவிடுவார்கள். 10,00,000 சரக்கு, 1,60,000 வாட் என்றால் உங்கள் கைக்கு வருவது 11,40,000. பிடித்த 20,000 உங்கள் ரிட்டர்னில் வரவாக வரும். உங்கள் கொள்முதலில் 1,30,000 வாட் இருந்தால் பாக்கி 30,000. அதில் 20,000 கழிந்து, 10,000 கட்டினால் போதும். கொள்முதல் வாட் 1,50,000 என்றால்? கட்ட வேண்டியது 10,000-தான், பிடித்ததோ 20,000. மீதி 10,000 அரசிடம் தங்கிவிடும், அடுத்த மாதமும் அதே கதை. விற்பனை விலைக்கும் வாட் உள்ள கொள்முதலுக்கும் இடையே 12.5% கூட இல்லாத வியாபாரத்தில், எல்லாமே இப்படிப்பட்ட ஏஜென்டுகளுக்கு விற்றால் இந்த வரவு ஏறிக்கொண்டேதான் போகும். ரீஃபண்ட் கேட்கலாம், ஆனால் அது வரும் வேகத்தை நம்பி முதலீட்டுத் திட்டம் போடக் கூடாது. பிடித்தம் செய்ததற்கான சான்றிதழ் ஐடாக்ஸில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் மாதாமாதம் பாருங்கள்.

மொம்பாசாவில் கப்பல் வந்து நின்றால்

சரக்கு ஏறும் நாட்டிலேயே தரச் சோதனை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். கென்யா தர நிர்ணய அமைப்பு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்த கண்டெய்னர் துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் பணம். உரிமம் பெற்ற கிளியரிங் ஏஜென்ட் இல்லாமல் சுங்கத்தில் வேலை நடக்காது.

சுங்க வரி கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகளுக்குப் பொதுவானது. பொதுவாக மூலப்பொருளுக்கு 0%, இடைநிலைப் பொருளுக்கு 10%, முடிந்த பொருளுக்கு 25%. 2022 ஜூலை முதல், உள்ளூரிலேயே போதுமான அளவு தயாராகும் சில பொருள்களுக்கு 35%. இவை தவிர, சில பொருள்களுக்குத் தனி விகிதமும் உண்டு. 25% வகையில் வரும் சரக்குக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். விலை, காப்பீடு, கப்பல் கூலி சேர்த்து 10,00,000 ஷில்லிங்.

சுங்க வரி 2,50,000. வாட் 10 லட்சத்தின் மேல் அல்ல, சுங்க வரியும் சேர்ந்த 12,50,000-ன் மேல் என்பதால் 2,00,000. இறக்குமதி அறிவிப்புக் கட்டணம் 2.5%, அதாவது 25,000. ரயில்வே மேம்பாட்டு வரி 2%, அதாவது 20,000. ஆக மொத்தம் 4,95,000. இதில் வாட் 2 லட்சத்தை நீங்கள் பிறகு கழித்துக்கொள்ளலாம். மீதி 2,95,000 சரக்கின் அடக்க விலை. விலை போடும்போது வாட்டையும் அடக்கத்தில் சேர்த்து விலை ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு, அந்த இரண்டு சிறு கட்டணங்களை மறந்து விலை குறைத்துவிடுகிறவர்களும் உண்டு. ரயில்வே வரி 2013-ல் மொம்பாசா-நைரோபி புதிய ரயில் பாதைக்காக வந்தது. ரயில் 2017-ல் ஓடத் தொடங்கிவிட்டது, வரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உகாண்டா, தான்சானியா போன்ற சமூக நாடுகளில் தயாரான சரக்குக்கு, தோற்றச் சான்றிதழ் இருந்தால் சுங்க வரி இல்லை. வாட் உண்டு. சான்றிதழ் பின்னால் வரும் என்று சரக்கை முன்னால் அனுப்பக் கூடாது.

கலால் வரி

பெரும்பாலான வியாபாரிகள் இதை நேரடியாகச் சந்திப்பதில்லை. பாட்டில் தண்ணீர், பழச்சாறு, அழகுப் பொருள், மதுபானம் தயாரிக்கிறவருக்கு உரிமம் வேண்டும். குடிநீர் பாட்டில் போடுவதைச் சின்னத் தொழில் என்று நினைத்து இறங்குகிறவர்கள், ஒவ்வொரு பாட்டிலிலும் கலால் முத்திரை ஒட்ட வேண்டும் என்பதை இயந்திரம் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வது பரிதாபம். வாட் மாதிரி இதை அடுத்த கைக்குக் கழித்துவிட முடியாது. மற்றவர்கள் செலவுக் கணக்கில் பார்ப்பார்கள். பணம் அனுப்ப எம்-பெசா, வங்கி ஆகியவை எடுக்கும் கட்டணத்தின் மேல் 15%, செல்பேசி அழைப்பு, டேட்டா மேல் 15%. அனுப்பும் தொகையின் மேல் அல்ல, கட்டணத்தின் மேல்தான்.

கடைப் பத்திரமும் முத்திரை வரியும்

மூன்று ஆண்டு வரையிலான வாடகைப் பத்திரத்துக்கு ஆண்டு வாடகையில் 1%, அதற்கு மேல் 2%. ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட கடை வாடகைக்குச் சட்டம் வாடகைதாரர் பக்கம் சாய்ந்து பாதுகாப்புத் தருகிறது. அதனால் கட்டட உரிமையாளர்கள் ஐந்து வருடம் சில மாதம், ஆறு வருடம் என்றே பத்திரம் நீட்டுவார்கள். வரி 2% ஆவது இதில் சிறிய விஷயம், பாதுகாப்புப் போவதுதான் பெரியது. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. நிலம், கட்டடம் வாங்கினால் நகர்ப்புறத்தில் 4%, கிராமப்புறத்தில் 2%. பட்டியலிடாத கம்பெனியின் பங்கு கைமாறினால் 1%.

நோட்டீஸ் வந்தால்

வரி மதிப்பீட்டு நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் ஆட்சேபம் போட வேண்டும். காரணம், ஆவணம் இரண்டும் வேண்டும். சர்ச்சையில்லாத பகுதி வரியையும் கட்டியிருக்க வேண்டும். அதிகாரியிடம் நேரில் போய்ப் பேசினேன், பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் என்பதெல்லாம் ஆட்சேபம் ஆகாது. தளத்தில் பதிவாக வேண்டும். முறையான ஆட்சேபத்துக்கு 60 நாளுக்குள் கேஆர்ஏ முடிவு சொல்லாவிட்டால் அது உங்கள் பக்கம் ஏற்கப்பட்டதாக ஆகிவிடும். முடிவு எதிராக வந்தால் 30 நாளுக்குள் வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதன் பின் உயர் நீதிமன்றம். பில், பத்திரம், சுங்கச் சீட்டு எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருங்கள்.

ஜூன் மாதம்

ஒவ்வொரு ஜூனிலும் நிதி மசோதா நிறைவேறும், வழக்கமாக ஜூலை 1 முதல் விகிதங்கள் மாறும். 2024-ல் ரொட்டிக்கு 16% வாட் என்பது உட்படப் பல வரிகளைக் கொண்டுவந்த மசோதாவை எதிர்த்து ஜூன் 25 அன்று இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். உயிர்கள் போயின. மறுநாள் அதிபர் ரூட்டோ கையெழுத்துப் போட மறுத்தார். ஆனால் அதிலிருந்த சில மாற்றங்கள் டிசம்பரில் வேறு சட்டமாகத் திரும்பி வந்தன. ரயில்வே வரி 1.5%-லிருந்து 2% ஆனது அப்போதுதான். இதற்கிடையே 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டமே செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்ல, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நடுவில் எந்த விகிதத்தில் பில் போடுவது என்று கணக்காளர்கள் விழித்தார்கள்.

எனவே மே மாதம் தொடங்கி மசோதாவைப் பாருங்கள். ஜூலைக்குப் பிறகு வரவேண்டிய கண்டெய்னருக்குப் பழைய விகிதத்தில் விலை ஒப்புக்கொள்ளாதீர்கள். விலைப்புள்ளி கொடுக்கும்போது 'வாட் தனி, சப்ளை நாளில் உள்ள விகிதப்படி' என்று எழுதுங்கள், அதற்கு ஒரு செல்லுபடித் தேதியும் போடுங்கள். எழுதாமல் ஒரே தொகை சொன்னால், வாட் அதற்குள் அடக்கம் என்றுதான் வாங்குகிறவர் வாதிடுவார்.